யார் தொடங்கிய போர்? யார் கொடுத்த விலை?



இரண்டாம் உலகப் போர் வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன என்போர் உண்டு. திருப்புறத்தில் குண்டு விழவில்லை, உண்மை. அடி விழுந்தது அடுப்பில்!

1939-இல் நம்மைக் கேளாமலே வைசிராய் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானிடம் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் ஏழையின் சோறு பறிபோனது. மரச்சீனிக் கிழங்குதான் உயிர் காத்தது.

பிழைக்க மலேயா போன தமிழன் கதி என்ன? ஜப்பானிய ராணுவம் ஆசை காட்டியும் பலவந்தமாகவும் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர்! 1943 அக்டோபரில் பாதை இணைவதற்குள் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியான தொழிலாளர் பல்லாயிரம்.

காஞ்சனபுரியில் நேசநாட்டுச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம் கூலிக்காரனுக்கோ முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கை போர்க்கைதிகளின் நஷ்டஈட்டுக்கு வழி செய்தது, தொழிலாளியை மறந்தது.

போரை அறிவிப்பவர் ஆள்வோர். விலை கொடுப்பவர் உழைப்போர். உங்கள் குடும்பத்தில் மலேயா போய்த் திரும்பாதவர் உண்டா? பெரியவர்களிடம் கேட்டு அந்தப் பெயரை எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?