எழுபதாயிரம் என்றொரு கணக்கு

போருக்கான பொய் மேடையில் வீராவேசமாகத்தான் வரும் என்று நினைக்கிறோம். பல நேரம் அது வெறும் எண்ணிக்கையாக, அரசுக் கோப்புக்குள் சாதுவாக உட்கார்ந்திருக்கும். 2009 தொடக்கத்தில் இலங்கை அரசு சொன்ன 'எழுபதாயிரம்' அப்படிப்பட்டது.

இலங்கையின் வடக்கே வன்னியில் ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த சண்டைக்கு நடுவே சிக்கியிருந்த பொதுமக்கள் சுமார் 70,000 பேர் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் உயிரோடு வெளியே வந்து, செட்டிகுளம் மெனிக்பாம் போன்ற முகாம்களில் அடைபட்டவர்கள் மட்டும் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். ஏப்ரல் கடைசியில் உள்ளே இன்னும் 10,000 பேர்தான் என்றார்கள். ஐ.நா. கணக்கில் அப்போது ஒன்றேகால் லட்சம் பேர் சண்டை சுருங்கிவந்த கடற்கரைத் துண்டில் கிடந்தார்கள்.

இவ்வளவு பெரிய பிழை கைதவறி வராது. கணக்கு குறைந்தால் அனுப்பவேண்டிய அரிசியும் மருந்தும் குறையும். செத்தவர்களையும் மறைத்துவிடலாம், இல்லாத ஆள் எப்படிச் சாவான்?

எங்கள் ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு இந்தச் சூது நன்றாகப் புரியும். இலையை எடை குறைத்துப் போட்டுவிட்டு, பீடி கொண்டுபோகும்போது ஆயிரத்துக்குக் கணக்குக் கேட்கிற கடைகள் உண்டு. அதனால்தான் இலை வாங்கும்போதே, "தராச நல்லா பாருங்க அண்ணாச்சி" என்று குரலை உயர்த்துவார்கள். ஒருகாலத்தில் இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டே சொளவை மடியில் வைத்துச் சுற்றிய ஊர்கள் இவை. அந்தக் கரையில் நடந்த எடைக் குறைப்பை மட்டும் நாம் உரக்கக் கேட்காமல் விட்டோம்.

மகிந்த ராஜபக்ச அரசு அந்தப் போருக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயர் சூட்டியது. பொதுமக்களில் ஒருவர்கூடச் சாகக்கூடாது என்பதே கொள்கை என்றது. ராணுவம் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் மனித உரிமைச் சாசனமும், தோளில் அகதிகளுக்கான உணவும் சுமந்து போனதாக வெற்றிவிழாவில் அவர் பேசினார். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அறிக்கை தந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகமே, அவ்வளவு பெரிய போரில் பொதுமக்கள் சாவைத் தவிர்க்க முடியாது என்று இறங்கிவந்தது.

புலிகளும் பொய்தான் சொன்னார்கள். மக்கள் தாமாக விரும்பித் தங்களோடு நிற்கிறார்கள் என்றார்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். ஐ.நா.வும் தான் திரட்டிய சாவுக் கணக்கை உரிய நேரத்தில் உரக்கச் சொல்லவில்லை. இதை 2012இல் அதன் சொந்த விசாரணையே ஒப்புக்கொண்டது.

நம் பக்கம்? 2009 ஏப்ரல் 27 காலையில் அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். போர் நின்றது என்ற செய்தி வந்ததாகச் சொல்லி மதியத்துக்குள் எழுந்தார். கொழும்பின் அறிவிப்போ, கனரக ஆயுதங்களையும் போர் விமானங்களையும் இனிப் பயன்படுத்த மாட்டோம் என்பதுதான். அப்படியானால் அதுவரை மக்கள் மேல் விழுந்தது என்ன என்று டெல்லியும் கேட்கவில்லை, சென்னையும் கேட்கவில்லை. மே 12இல் முள்ளிவாய்க்கால் மருத்துவமனை மீது குண்டு விழுந்தது. மறுநாள் நாங்கள் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் வாக்களிக்க வரிசையில் நின்றோம்.

போருக்காகப் பொய் சொல்வது கொழும்பின் தனிச்சொத்து அல்ல. 2003இல் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் படம்போட்டு விளக்கினார். நாட்டையே கவிழ்த்துத் தேடியும் அவை கிடைக்கவில்லை. அங்கே இல்லாததை இருப்பதாகக் காட்டினார்கள். வன்னியில் இருந்த மனிதர்களை இல்லையென்று காட்டினார்கள்.

வன்னியில் வேலை நடந்த வரிசை கவனிக்கத் தக்கது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்று சொல்லி ஐ.நா. ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேற்றினார்கள். சுதந்திரமான பத்திரிகையாளர்களை உள்ளே விடவில்லை. அதன்பிறகுதான் எழுபதாயிரம் வந்தது. மிச்சமிருந்த சாட்சிகள், குண்டுக்கு நடுவே காயம் கட்டிய அரசு மருத்துவர்கள். போர் முடிந்ததும் அவர்களைப் பிடித்து அடைத்தார்கள். 2009 ஜூலையில் ஐந்து பேரைச் செய்தியாளர்கள் முன் உட்காரவைத்து, சாவு எண்ணிக்கையைப் புலிகள் மிரட்டியதால் கூட்டிச் சொன்னோம் என்று பேசவைத்தார்கள். அது கட்டாயத்தில் பேசியது என்று அவர்களில் ஒருவர் பின்னாளில் வெளிநாடு போய்ச் சொன்னார்.

அடுத்த போருக்கும் ஒரு தலைவர் நல்ல காரணம் சொல்லத்தான் போகிறார். நாட்டுப்பற்றும் கோபமும் பொங்கும்போது அந்தக் காரணத்தை எடைபோட நமக்குத் தெம்பிருக்காது. உள்ளே எத்தனை பேர், எண்ணியது யார் என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்டு வைப்போம். எண்ணுகிறவர்களை முதலில் வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்கும் போருக்குச் சொல்லப்படும் எந்தக் காரணத்தையும் நம்பவேண்டியதில்லை.