கோழி நஷ்டமும் அண்டை வீட்டுப் பகையும்

பழனி வட்டாரத்துக் கிராமமொன்றில் ஒரு பெட்டைக் கோழி காணாமற் போனால், உடையவருக்கு நேரும் நஷ்டம் சில நூறு ரூபாய்க்கு மேற்படாது. ஆனால் அக்கோழியை முன்னிட்டு இரு வீடுகளுக்கிடையே மூளும் பகையோ ஒரு தலைமுறைக்கும் நீடிப்பதுண்டு. "உன் நாய் பிடித்தது" என்று ஒருவர் தொடங்குவார். "உன் கோழி என் நிலக்கடலை விதைப்பைக் கிளறியதற்கு என்ன பதில்?" என்று மற்றவர் கேட்பார். அங்கிருந்து பேச்சு வரப்புக்கும், வாய்க்காலுக்கும், பாட்டன் காலத்துப் பாகப்பிரிவினைக்கும் போய்ச் சேரும். கடைசியில் இரு கட்சியாரும் போலீஸ் நிலையத்தில் பிராது எழுதிக் கொடுத்துவிட்டு, வெவ்வேறு பஸ்ஸில் ஊர் திரும்புவார்கள்.

நெல்லையும் கரும்பையும், ஆயக்குடிக் கொய்யாவையும் பற்றிப் பேச வேண்டிய பக்கத்தில் கோழிச் சண்டை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வெள்ளாமை பொய்த்த ஆண்டில் பள்ளிக்கூடச் செலவுக்கும் மருந்துச் செலவுக்கும் கை கொடுப்பது பெண்டிர் வளர்க்கும் சிறுவிடையும் பெருவிடையுமே என்பதை நிலமுடையோர் அறிவர். திண்டுக்கல் பக்கத்தில் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களைக் கண்காட்சிக்கென்றே வளர்க்கிறவர்களும் உளர். அவர்களுக்கு ஒரு சேவல் போனால் ஒரு மாடு போனதற்கு ஒப்பாகும். ஆகையால் இது அற்ப விஷயமன்று.

முதலாவது, கோழியைக் கொன்றது எது என்று அறியாமலே குற்றவாளியைத் தீர்மானிக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பழி பெரும்பாலும் அடுத்த வீட்டு நாயின் மேலோ, அல்லது கீரியின் மேலோ விழுகிறது. ஆனால் ஒவ்வொரு பிராணியும் தன் கையெழுத்தை விட்டுவிட்டே போகிறது. அதை வாசிக்கக் கற்றவர் வீணாகச் சண்டையிடமாட்டார். நாய் புகுந்த இடத்தில் ஐந்தாறு கோழிகள் குதறப்பட்டு, தின்னப்படாமலே அங்கங்கே கிடக்கும். விளையாட்டைப் போலக் கொல்வது அதன் சுபாவம். காட்டுப்பூனையும் நரியும் பெரும்பாலும் ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு போய்விடும். வேலியோரம் இறகுகள் சிதறிக் கிடப்பதே அடையாளம். கீரி கழுத்திலும் தலையிலும் கடிக்கும். முட்டையை உடைத்துக் குடிக்கும். ஆனால் நம் ஊர்ச் சாம்பற் கீரி பகலில் வேட்டையாடுவது. நள்ளிரவில் கூட்டில் கூச்சல் எழுந்தால், அது மரநாயாகவோ காட்டுப்பூனையாகவோ இருக்குமேயன்றிக் கீரியாக இருப்பது அரிது. முட்டை ஓடுகூட மிச்சமின்றி மறைந்தால் பாம்பை நினைக்க வேண்டும். இரவில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கூட்டின் மூலையில் புது வளை தென்பட்டால் அது பெருச்சாளி. பட்டப்பகலில் களத்து மேட்டிலிருந்து குஞ்சு போனால் பருந்து, வல்லூறு, காகம் இவற்றுள் ஒன்றாம்.

நிற்க. எந்தப் பிராணியும் தொடாமலே கோழிகள் கூட்டமாகச் சாவதும் உண்டு. பகைகளிலெல்லாம் கொடிய பகை அதிலிருந்தே பிறக்கிறது. "விஷம் வைத்துவிட்டான்" என்ற பேச்சு கோடைக்காலத்தில் எத்தனை ஊர்களில் எழுகிறது! பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக் கொண்டு, சில நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகுமானால் அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கேத் நோய். இமயமலைச் சாரலில் ராணிக்கேத் என்ற ஊரில் 1927-இல் கண்டறியப்பட்டதனால் நம் நாட்டில் இதற்கு அப்பெயர் வந்தது. விஷமானால் தீனி தின்ற சில நாழிகைக்குள் திடீரென்று விழும். ஐயமிருந்தால் இறந்த கோழியை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டிச் சோதித்துக் கொள்ளலாம். கால்நடை பராமரிப்புத் துறையார் பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் நடத்துவது வழக்கம். ஊசி போட்டுக்கொள்ளாத வீட்டில் நோய் புகுந்தால் அது ஊசி போட்ட வீட்டாரின் சூழ்ச்சியன்று. இதைச் சொல்வதற்குக் கசப்பாக இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி, நான் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். கோழியைக் காக்கும் வேலை வேலிக்கு இந்தப் புறத்தில், உடையவரின் வாசலில் செய்யப்பட வேண்டியது. வேலிக்கு அந்தப் புறம் சென்று பிராணிகளை அழிப்பதால் கோழி காப்பாற்றப்படுவதில்லை. நம் நஷ்டம் மற்றவர் தலையில் இறங்குகிறது. இதற்கு நம் தாலுகாவிலேயே உதாரணம் இருக்கிறது.

பழனியைச் சுற்றிய மானாவாரி நிலங்களில் நிலக்கடலையும் சோளமும் மக்காச்சோளமும் விதைப்போர் மயிலைப் பற்றி முறையிடாத நாளில்லை. முருகப் பெருமானின் ஊர்தி என்பதனால் அதை விரட்டக் கை வராத குடியானவர் அநேகர்; 1963-இல் தேசியப் பறவையானதும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்ததும் அதற்கு மேலும் காவலாயின. ஆனால் மயில் பெருகியதற்குக் காரணம் பக்தியும் சட்டமும் மட்டுமல்ல. மயில் தரையில் முட்டையிடும் பட்சி. அதன் முட்டையையும் குஞ்சையும் தின்று, தொகையை மட்டுப்படுத்தி வந்தவை நரியும் கீரியும் காட்டுப்பூனையுமே. சமவெளியில் நரி அருகிப் போயிற்று. சீமைக்கருவேலப் புதர்கள் மயிலுக்கு மறைவிடமாயின. ஆகவே தன் நாலு கோழிக்காகக் கண்ணி வைத்து ஒரு காட்டுப்பூனையைக் கொல்கிறவர், அடுத்த காட்டுக்காரரின் கடலை விதைப்பில் மயிலை இறக்கி விடுகிறார் என்றே கருத வேண்டும். அது மட்டுமா? கீரியும் சாரைப்பாம்பும் ஆந்தையும் இல்லாத வயலில் எலி என்ன செய்யும் என்பதை நெய்க்காரப்பட்டிப் பக்கத்து நெல், கரும்பு விவசாயிகளுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வேளாண்மைத் துறையார் ஆந்தை உட்காரக் கவைக்கம்பு நடச் சொல்லும் வயலுக்கு அருகிலேயே, கோழிக்காரர் விஷச் சோறு வைப்பது எவ்வளவு பொருந்தாத காரியம்!

கீரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1872-இல் ஜமைக்கா தீவின் கரும்புத் தோட்டங்களில் எலியை ஒழிப்பதற்காக இந்தியாவிலிருந்து ஒன்பது கீரிகளைக் கொண்டுபோய் விட்டார்கள்; 1883-இல் ஹவாய்த் தீவுகளிலும் கீரி இறங்கிற்று. அங்கே அது தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் வீட்டுக் கோழிகளுக்கும் யமனாக முடிந்தது. அன்னிய மண்ணில் அதற்கு எதிரி இல்லை. அந்நிலத்துப் பறவைகளும் அதை அறிந்து ஒதுங்கப் பழகவில்லை. நம் மண்ணிலோ அது எத்தனையோ காலமாக எல்லாவற்றோடும் பழகி, தன் அளவில் நிற்கிற பிராணி. ஜமைக்காவின் கதையைக் காட்டி நம் கிளுவை வேலிகளைக் கொளுத்தச் சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிப்பதில்லை.

விஷம் வைப்பது இவை யாவற்றிலும் கெட்டது. விஷத்துக்கு வரப்புத் தெரியாது. பயிருக்கு வாங்கிய குருணை மருந்தைச் சோற்றிலோ மாமிசத்திலோ கலந்து வைத்தால், நரி தின்னுமுன் அடுத்த வீட்டு நாய் தின்னும். அந்த நாயைக் காகம் கொத்தும். காகம் கொண்டுபோய்ப் போட்ட துண்டு குழந்தை விளையாடும் வாசலில் விழும். 2018 ஆகஸ்டில் மதுரைக்கு அருகில் நாற்பதுக்கு மேற்பட்ட மயில்கள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தன. விஷம் கலந்த தானியமே காரணமென்று சந்தேகிக்கப்பட்டது. மின்சாரக் கம்பியை நேரே வேலியில் கட்டுவதும் இதே ரகம். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர் மாண்ட செய்தி தமிழ்நாட்டில் புதிதன்று. மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கு 2023-இல் அரசு விதிகள் வகுத்தது அதனால்தான்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்குச் சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணி வைப்பதும், பொறி வைப்பதும், விஷமிடுவதும் வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு ஒரு காட்டு விலங்கைக் கொன்றால் சட்டம் மன்னிக்கிறது. கோழியைக் காப்பதற்கு அந்த மன்னிப்பு கிடையாது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தபின் நரியும் முதல் அட்டவணைக்கு உயர்ந்திருக்கிறது. அவ்வட்டவணைப் பிராணியை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. காகமும் எலியும் அடங்கிய தீங்குயிர்ப் பட்டியலையே அத்திருத்தம் எடுத்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. அடுத்தவர் நாயை விஷமிட்டுக் கொல்வதோ பாரதிய நியாய சன்ஹிதையின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். முந்நூறு ரூபாய்க் கோழிக்காக இவ்வளவு தூரம் போக யாருக்கும் மனம் வராது. ஆனால் கோபத்தில் இருப்பவருக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். மணியக்காரரும் கர்ணமும் 1980-இல் நீங்கியபின், அந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவருமே நிற்கிறார்கள். பிராது எழுதப்படுமுன் கூட்டைப் போய்ப் பார்ப்பது அவர்கள் செய்யக்கூடிய முதல் உபகாரம்.

கூட்டைப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தீரும் என்பது என் அபிப்பிராயம். நம் முன்னோர் பஞ்சாரம் முடைந்தார்கள். பகலில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பருந்தினின்று காக்க அதற்கு மிஞ்சியது இன்றும் இல்லை. குஞ்சுகள் இறகு முளைத்துத் தேறும் ஆறு வாரமாவது பஞ்சாரத்தைச் சுற்றியே வளர வேண்டும். ஆனால் இரவுக்குப் பஞ்சாரம் போதாது. நாய் அதைப் புரட்டிவிடும். பாம்பு இடுக்கில் நுழையும். இரவுக்கூடு தரையினின்று இரண்டு மூன்று அடி உயரத்தில் கால்களின்மேல் நிற்க வேண்டும். அடைக்கிற கம்பி வலை அரை அங்குலக் கண்ணுக்கு மேற்படலாகாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்குமேயன்றி, நாயின் பல்லையும் பாம்பின் தலையையும் தடுக்காது; அநேகர் ஏமாறுவது இதில்தான். தரையோடு அமைந்த கூடானால் வலையை ஓரடி ஆழம் புதைத்து, வெளிப்புறமாக மடித்துவிட்டால் பெருச்சாளியும் நாயும் தோண்டிச் சலித்துப் போகும். கதவுக்குக் கயிறு போதாது, கொக்கி வேண்டும். கோழிகளைப் பொழுது சாயுமுன் அடைத்துவிட வேண்டும். சாய்ந்தபின் தேடிப் பிடிப்பதும், முருங்கை மரத்தில் ஏறிவிட்டதே என்று விட்டுவிடுவதும் மரநாய்க்கு விருந்து வைப்பதாகும். முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டால் பாம்புக்கு அங்கே வேலையில்லை. சிந்திய தானியத்தை மாலையில் கூட்டிவிட்டால் எலி வராது. எலி வராத இடத்திற்குப் பாம்பு வருவதும் குறையும்.

கோழிக்காரருக்குச் சொல்வதைப் போலவே நாய்க்காரருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வளர்ப்பு நாயை இரவில் அவிழ்த்துவிடுகிறவர், அது செய்த சேதத்தை நியாய விலையில் கொடுத்துவிடுவதே மரியாதை. கோழியை அடுத்தவர் விதைப்பில் மேயவிடுகிறவரும், விதை முளைத்து வேர் பிடிக்கும்வரை அடைத்து வைப்பது அப்படியே. இவ்விரண்டிலும் பெரும்பாலோர் நியாயமாகவே நடக்கிறார்கள். பொதுச்சொத்தான தெருநாய் விஷயத்தில்தான் எவருக்கும் பொறுப்பில்லாமற் போகிறது. இறைச்சிக் கடைக் கழிவை ஓடையில் கொட்டுகிற ஊர்களில் நாய்க் கூட்டம் அங்கே பெருகி, கழிவு கிடைக்காத நாளில் கோழிக்கூடுகளைத் தேடி வருகிறது. பருந்துகள் வட்டமிடுவதும் அக்கழிவை நாடியே. தெருநாய்களைக் கொல்லலாகாது; 2023-ஆம் ஆண்டுக் கருத்தடை விதிகளின்படி அவற்றைப் பிடித்து, அறுவைச் சிகிச்சையும் வெறிநோய் ஊசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சியின் கடமை. அக்கடமையைச் செய்யும்படி கேட்பதற்கும், ஓடையில் கழிவு கொட்டுவதைத் தடுத்துக் குழி வெட்டிப் புதைக்கத் தீர்மானம் போடுவதற்கும் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. கோழி இழந்தவரும் நாய் வளர்ப்பவரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, அடுத்த கூட்டத்திற்கு முன்பே ஊராட்சிச் செயலாளரிடம் கொடுத்துவிடலாம்.