சொன்ன விலைக்கு

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'ஆந்தியேன்' என்றால் இந்தியப் பெண் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சொல்லுக்குத் துணி என்றும் ஒரு பொருள் உண்டு என்பது, மகனைப் பார்க்கப் பாரீஸ் போனபோதுதான் தெரிந்தது.

வெர்சாய்க்குப் பக்கத்தில் ஜூயி என்று ஒரு சிற்றூர். அங்கே துணிக்கென்றே ஓர் அருங்காட்சியகம். நம் நாட்டிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணியின் பெயர்தான் ஆந்தியேன். அதன்மேல் அவர்களுக்கு அத்தனை மோகம். உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று 1686-ல் அரசு தடையே போட்டது. 1759-ல் தடை நீங்கியது. மறு வருஷமே ஓபர்காம்ப் என்பவர் ஜூயியில் அச்சுப் பட்டறை தொடங்கிவிட்டார்.

அந்த மாதிரித் துணியில் பேத்திக்கு ஒரு கவுன் வாங்கினோம். கேட்ட யூரோவை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தேன்.

அப்போதுதான் சுருக்கென்றது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கையால் கலம்காரி வரைகிறார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே கோயிலுக்குத் தொம்பை வாங்கப் போனபோது, அரை மணி நேரம் பேரம் பேசி இருநூறு ரூபாய் குறைத்தவன் நான். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்தேன்.

நம்மில் பலரும் இப்படித்தான். அடுத்த மாதம் அங்கே போகிறேன். பேத்திக்கு ஒரு துப்பட்டா வரைந்து தரச் சொல்லி, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவேன்.