வாயுவா குற்றவாளி?

"கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கித் தொழிலாளர் இருவர் பலி."

இந்தத் தலைப்பைப் பத்திரிகை படிக்கும் எவரும் பலமுறை கண்டிருப்பர். உள்பக்கத்தில் ஒரு மூலை, பத்து வரி, அவ்வளவுதான். ஊர் மாறும், பெயர் மாறும், வயது மாறும்; செய்தி மட்டும் மாறாது. முதலில் ஒருவர் இறங்கினார். கூப்பிட்டும் பதில் இல்லை. அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். அவரும் மேலே வரவில்லை. தீயணைப்புப் படையினர் வந்து உடல்களை எடுத்தனர். போலீசார் விசாரித்து வருகின்றனர். முற்றும்.

இப்படிப்பட்ட செய்திகளை அச்சுக்கோத்து அனுப்பியவர்களில் நாமும் உண்டு. ஆகவே முதல் குற்றச்சாட்டை நம்மீதே சாட்டிக்கொண்டு தொடங்குகிறோம். "விஷவாயு தாக்கி" என்று எழுதும்போது குற்றவாளியின் பெயரை நாம் மாற்றி எழுதுகிறோம். வாயு வீடு தேடி வந்து எவரையும் தாக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. மனிதனைத்தான் அதனிடம் கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்கியது யார்? கூலி பேசியது யார்? மூடியைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றது யார்? இவற்றைக் கேட்காமல் வாயுவைக் கூண்டில் ஏற்றினால், அதற்கு எந்தக் கோர்ட் சம்மன் அனுப்பும்? எந்தப் போலீஸ்காரர் அதற்கு விலங்கு மாட்டுவார்?

மூடிக் கிடக்கும் தொட்டியில் மலமும் கழிவும் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுதியாக இருந்தாலோ மோப்ப உணர்வே மரத்துப்போகும், நாற்றம் தெரியாது, ஆபத்தும் தெரியாது. சில மூச்சுகளில் மனிதன் சுருண்டு விழுவான். உடன் வந்தவனைக் காப்பாற்ற ஓடி இறங்கும் தோழனுக்கும் அதே கதி. ஒருவர் இறங்கிய இடத்தில் இருவரும் மூவரும் பிணமாவதன் காரணம் இதுதான். இது இரகசியமல்ல. காண்டிராக்டருக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியும், கட்டட முதலாளிக்கும் தெரியும். தெரிந்தே இறக்கினால் அதற்கு விபத்து என்றா பெயர்?

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது! 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 2013-ல் இன்னொன்று வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6-ம் தேதி, அம்பேத்கரின் நினைவு நாளன்று, அது அமலுக்கு வந்தது. தக்க பாதுகாப்பின்றி எந்த மனிதனையும் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கக் கூடாது என்கிறது அதன் 7-வது பிரிவு. நேராகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது என்று அழுத்தியே சொல்கிறது. "நான் காண்டிராக்டரிடம் விட்டேன், அவர் யாரை இறக்கினாரோ எனக்குத் தெரியாது" என்று கை கழுவ இடமில்லை. மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம். சாக்கடையைச் சுத்தம் செய்ய இயந்திரங்களைப் பயன்படுத்துவது நகராட்சிகளின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால்தான் ஒன்றையும் காணோம்.

பார்லிமெண்டில் நடந்ததையும் கேளுங்கள். கையால் மலம் அள்ளும் தொழிலால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021-ல் மத்திய சர்க்கார் பதில் சொன்னது. நாடே திகைத்தது. ஆனால் அதே ஆண்டு அதே சர்க்கார் தந்த இன்னொரு கணக்கின்படி, 1993 முதல் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்கையில் மாண்டவர்கள் 941 பேர்! இவர்களில் 213 பேர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். எல்லா மாநிலங்களிலும் இதுவே அதிகம். 2019 முதல் 2023 வரை மட்டும் 377 பேர் இறந்ததாகப் பிறகு ஒரு கணக்கும் வந்தது. இவை சர்க்கார் ஏட்டில் ஏறிய சாவுகள் மட்டுமே.

ஒரு பதிலில் சாவு இல்லை. மறு பதிலில் 941 சாவு. எப்படி இது? மலம் அள்ளுவது ஒரு வகையாம். தொட்டியில் இறங்குவது வேறொரு வகையாம். சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் உண்டு. செத்தவன் எந்தச் சொல்லின் கீழ் செத்தான் என்று சர்க்கார் அகராதி புரட்டுகிறது. புதைகுழியின் பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு அந்த அகராதி எதற்கு?

சொல்லில் நடக்கும் இந்தச் சூது போலீஸ் நிலையத்திலும் நடக்கிறது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைப் பற்றியது. அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். காலையில் பிடித்தவரை மாலையில் வீட்டுக்கு அனுப்பலாம். 2013 சட்டத்தின் கீழ் வரும் குற்றமோ ஜாமீனில் விடத்தகாதது. எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "விபத்து" என்று எழுதும் பேனா, பாதி விடுதலையை அங்கேயே எழுதிவிடுகிறது.

இன்னொரு அநீதியும் உண்டு. இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20-ம் தேதி வந்த தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனமுற்றால் 20 லட்சம். உயிருக்கு இது விலையல்ல. விலை போட நாம் சம்மதிக்கவும் மாட்டோம். ஆனால் விதவையின் உரிமை அது. அந்த உரிமை அவளுக்குத் தெரியும் முன்பே, காரியம் முடிவதற்குள், ஒரு சிறு தொகையைக் கையில் திணித்துக் கைநாட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. இது இரக்கமா? இல்லை. வழக்கை வாங்கும் வியாபாரம்.

இறங்குகிறவர்கள் யார் என்பதையும் மறைக்க வேண்டாம். இந்தத் தொழிலைப் பிறப்பால் ஒருவன் தலையில் கட்டியது சாதி. ஆலையில் விபத்து நடந்தால் ஆலை வாசலில் கூட்டம் கூடுகிறது. சங்கக் கொடி பறக்கிறது. தொட்டியில் மாண்டவனுக்காக எத்தனை ஆலைகளில் வேலை நிறுத்தம் நடந்தது? கசப்பான கேள்விதான், நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இன்னொன்றும் கேட்கிறோம்: கடன் வாங்கிக் கட்டிய நம் வீட்டுத் தொட்டி நிரம்பினால் நாம் யாரைத் தேடுகிறோம்? லாரிக்குக் கேட்கும் வாடகை அதிகம் என்று, வாளியும் கயிறுமாக வரும் மனிதனிடம் பேரம் பேசுகிறோமா? அப்படியானால் முதலாளியைத் திட்ட நமக்கு வாய் ஏது?

இயந்திரம் இல்லாத நாடா இது? 2018-லேயே திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடையில் மனிதனுக்குப் பதிலாக இயந்திரத்தை இறக்கிக் காட்டினார்கள் கேரளத்து இளைஞர்கள். 2023-ல் நிலவின் தென்துருவத்துக்கு அருகில் கலத்தை இறக்கினோம். நிலவில் இயந்திரத்தை இறக்கத் தெரிந்தவர்களுக்குப் பத்தடித் தொட்டியில் இறக்க மனிதன்தான் கிடைத்தானா? குறை அறிவில் இல்லை, பணத்திலும் இல்லை. இயந்திரத்தைவிட மனிதன் மலிவு என்ற கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை உடைப்பதுதான் நம் வேலை.

தோழர்களே! கண்ணீர்க் கூட்டம் மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையும் செய்யக்கூடியவை உள்ளன. உங்கள் தெருவில் மனிதன் தொட்டியில் இறங்குவதைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால், பதறி நீங்களும் இறங்காதீர்கள். தீயணைப்புப் படையை அழையுங்கள். சாவு நேர்ந்துவிட்டால் அன்றே குடும்பத்தோடு போலீஸ் நிலையம் செல்லுங்கள். 2013 சட்டத்தின் பெயரைச் சொல்லி, அதன் கீழ் வழக்கு எழுதும் வரை நகராதீர்கள். மாண்டவர் தாழ்த்தப்பட்டவராயின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கக் கேளுங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் பிராது கொடுக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. துக்கத்தில் மூழ்கிய குடும்பத்துக்கு நாள்கள் தெரியாது. நாம்தான் எண்ண வேண்டும். 30 லட்சமும் அந்தக் குடும்பத்தின் கையில் சேரும் வரை கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டை விட்டு இறங்காதீர்கள்.

சர்க்காரை நாம் கேட்பது புதிய சட்டமல்ல. இருக்கும் சட்டத்தை ஏட்டிலிருந்து எடுத்துத் தெருவில் வையுங்கள் என்கிறோம். ஒரு காண்டிராக்டர், ஒரு கட்டட முதலாளி, கண்ணை மூடிக்கொண்ட ஓர் அதிகாரி உண்மையில் சிறைக்குப் போகட்டும்; மறுநாளே இயந்திரம் எப்படி வந்து நிற்கிறது என்று பாருங்கள்!

நாமும் ஒரு வாக்குத் தருகிறோம். இனி இப்படியொரு செய்தி வந்தால் இந்தப் பத்திரிகையில் "விஷவாயு தாக்கி" என்ற தலைப்பு இராது. யார் இறக்கினார், எந்தப் பிரிவில் வழக்குப் பதிவாயிற்று, குடும்பத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டு எழுதுவோம். பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எழுதுவோம். அந்தச் செய்தியே எழுத நேராத நாள் வரவேண்டும். அதுவரை, செத்தவன் பெயரோடு இறக்கியவன் பெயரும் அச்சில் ஏறட்டும்!