இங்கிலீஷ் மேஜருக்கு என்ன தகுதி வேணும்?

கல்லூரி உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க ஒரு பெண்ணும் அவளோட அம்மாவும் நான் வேலை பார்க்கும் கவுண்ட்டருக்கு வந்தார்கள். ஆதார் நகலை நீட்டிவிட்டு அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இது இங்கிலீஷு மேஜர்தான் படிப்பேங்குது. நமக்கெல்லாம் அது சரிப்பட்டு வருமா?" பள்ளிக்கூடத்தில் யாரோ 'உனக்கெதுக்கு இங்கிலீஷ், வரலாறு எடு, லேசா பாஸ் பண்ணிடலாம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வரலாறு லேசு என்று நினைக்கிற மேதை யாரோ தெரியவில்லை. ஆனால் அந்த 'உனக்கெதுக்கு' எனக்குப் பழகிய குரல்.

காகிதத்தில் இருக்கும் தகுதி ரொம்பச் சின்னது. பிளஸ் டூ தேறியிருக்கணும், இங்கிலீஷை ஒரு பாடமாகப் படித்திருக்கணும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்துத் தனித் தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள். நம்ம பக்கம் சென்டாக். தில்லி மாதிரி மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் 2022 முதல் க்யூட் தேர்வு எழுதணும். அவ்வளவுதான். மில்டனைக் கரைத்துக் குடித்திருக்கணும் என்று எந்த விதியிலும் இல்லை. வீட்டில் இங்கிலீஷ் பேசணும் என்றும் இல்லை.

இதில் நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. 2023-24இல் புதுவை அரசுப் பள்ளிகளை சிபிஎஸ்இக்கு மாற்றினார்கள். பத்தாவது வரைக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகள் பதினொன்றாவதில் திடீரென்று வேறு புத்தகம், வேறு கேள்வித்தாள் என்று தூக்கிப் போடப்பட்டார்கள். பிளஸ் டூவில் அந்த முதல் கூட்டம் 2025இல் பரீட்சை எழுதியது. டியூஷனுக்குப் போக வசதி இருந்தவன் சமாளித்துக்கொண்டான். அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போகிற வீட்டில் யார் சொல்லித்தர?

அப்புறம் சாதிச் சான்றிதழ். அந்தப் பெண்ணின் அப்பா நாகூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். வாஞ்சூரைத் தாண்டினால் அவர் பட்டியல் சாதி. இந்தப் பக்கம் 'குடிபெயர்ந்தவர்'. புதுச்சேரிக்கான 1964ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்த யூனியன் பிரதேசத்தில் வசிப்பவர்களைத்தான் பட்டியலில் வைக்கிறது. அப்போது உங்க தாத்தா எங்கே இருந்தார் என்று தாலுக்கா ஆபீசில் காகிதம் கேட்கிறான். சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் கையகலம் காரைக்கால். பொண்ணு கொடுக்கிறதும் எடுக்கிறதும் எல்லையைப் பார்த்தா நடக்குது? தீண்டாமைக்கு செக்போஸ்ட் கிடையாது. இடஒதுக்கீட்டுக்கு மட்டும் உண்டு.

இதெல்லாம் தாண்டி உள்ளே போனால்தான் எழுதப்படாத தகுதி தெரியும். நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் வாரம் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு சிரித்தது, பேராசிரியரும் சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் கடைசி பெஞ்சு. அம்பேத்கருக்குப் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டு அவர் பாரசீகம் எடுக்க நேர்ந்ததை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அவருக்கு 'கூடாது' என்று நேராகச் சொன்னார்கள். இப்போது யாரும் கூடாது என்பதில்லை. சிரிக்கிறார்கள்... அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கடைசி பெஞ்சில்தான் எனக்கு ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தின் சமூக வரலாறு என்று ஒரு துணைப்பாடம். எல்லாரும் கைடு வாங்கி ஒப்பேற்றுகிற பேப்பர். அதில் என்குளோஷர் வருகிறது: பொது மேய்ச்சல் நிலத்தையும் புறம்போக்கையும் பண்ணையார்கள் சட்டம் போட்டு வேலிகட்டி எடுத்துக்கொள்ள, சம்சாரிகள் ஊரைவிட்டு நகரத்து ஆலைகளுக்குப் போனார்கள். கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட 'பாழடைந்த கிராமம்' அந்தக் காலத்துக் கவிதை. வகுப்பில் அதை அழகிய கிராமத்துப் புலம்பல் என்று நடத்தி முடித்தார்கள். எனக்கு எங்கள் பாட்டி சொன்ன திடல் கதை மாதிரி இருந்தது. அதே பாடத்தில் பீட்டர்லூ. 1819, மான்செஸ்டர், வாக்குரிமை கேட்டுக் கூடிய தொழிலாளர் கூட்டத்தின் மேல் குதிரைப்படையை ஏவினார்கள். அதைக் கேட்டு ஷெல்லி இத்தாலியிலிருந்து எழுதிய கவிதை அவர் செத்துப் பத்து வருஷம் கழித்து, 1832இல்தான் அச்சானது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வெண்மணி. 1968 டிசம்பர் 25, நாற்பத்துநாலு உயிர். கூலி கேட்டவர்களின் சேரி. ஷெல்லியை நடத்தும்போது வெண்மணி என்ற சொல்லை உச்சரிக்க எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இலக்கியத்தில் அரசியல் கலக்கக் கூடாதாம்!

இன்றைக்குத் தலித் இலக்கியமும் இங்கிலீஷ் துறையில் ஒரு பேப்பர். பாமாவின் 'கருக்கு' 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் வந்தபின் எத்தனையோ பேர் அதை வைத்து ஆய்வுப் பட்டம் வாங்கிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் சாவி யார் கையில்? 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும், மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி'யையும் மேற்பார்வைக் குழு ஒன்று தூக்கியது. கல்விக் குழுவில் பதினைந்து பேர் எதிர்ப்பை எழுதிக் கொடுத்தும் நிற்கவில்லை. நம்ம எழுத்தை உள்ளே வைக்கிறதும் வெளியே எறிகிறதும் அந்த மேசையில் நடக்குது. அந்த மேசைக்கு நம்மாட்கள் போகணும் என்றால் எங்கேயாவது ஒரு சேரிப் புள்ளை இங்கிலீஷ் மேஜரில் சேர்ந்துதானே ஆகணும்?

தமிழ்ப் பற்றாளர்கள் கோபிப்பார்கள். நானும் தமிழில்தான் கவிதை எழுதுகிறேன், அதை விடப் போவதில்லை. ஆனால் தன் பிள்ளையை கான்வென்ட்டில் சேர்த்துவிட்டு எங்க பிள்ளைக்குத் தாய்மொழி உபதேசம் பண்ணுகிறவரோடு பேச எனக்கு நேரமில்லை. இன்னொரு பக்கம், உத்தரப் பிரதேசத்தில் பாங்கா கிராமத்தில் 2010இல் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார். அவர் ஆத்திரம் புரிகிறது. சாமி கும்பிடுகிறதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. இங்கிலீஷும் ஒரு வட்டிக்காரன் மாதிரிதான். கணக்கு தெரிந்து போகணும்.

கணக்கென்றதும் ஒன்று. யூஜிசியின் 2022 கட்டமைப்புப்படி மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதில் மேஜருக்குக் குறைந்தது 60, மைனருக்கு 24. 'மைனரா எடுத்துக்க, ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொன்னால் நம்பாதீர்கள். பின்னால் ஆங்கிலப் பேராசிரியராக நெட் எழுத அந்தப் பாடத்திலேயே முதுகலை வேணும் என்று நிற்பார்கள். முதல் வருஷத்தோடு வெளியேறினால் சான்றிதழ், இரண்டோடு போனால் டிப்ளமோ என்று வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் கஷ்டம் வந்ததும் அந்த வாசல் வழியாக முதலில் யார் போவார்கள்? நாலாவது வருஷம் ஆராய்ச்சிக்கு முதல் ஆறு பருவத்தில் 75 சதவீதம் வேணும். சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்து 75 எடுக்கணும்.

அந்தப் பெண்ணிடம் மேஜரே போடு என்று சொன்னேன். அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ரேகை வைத்தார். கணக்கு தொடங்கியாச்சு. சான்றிதழ் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி தாலுக்கா ஆபீசுக்குப் போகிறார்கள், அரை நாள் லீவு போட்டு நானும் போகிறேன். என் பழைய புத்தகங்கள் கோவில்பத்து வீட்டில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. வேண்டுகிற மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம். சமூக வரலாறு மட்டும் அவளுக்கு.