1 நிமிஷம் 55 விநாடி: ஒரு சாம்பியன் குதிரையும் ஒரு பால் வண்டிக் குதிரையும்

1/
கொஞ்சம் நீளமான இழை. அமெரிக்காவுல ஒரு ரேஸ் குதிரையில ஆரம்பிச்சு நம்ம ஊர் கேஷுவால்டியில வந்து முடியும். நேரம் இருக்கும்போது முழுசா படிங்க.

2/
போளூர் பக்கம் பொங்கல் வந்தா காளை விடும் விழா சீசன். அடிபட்டு வர்ற பசங்களுக்குத் தையல் போடுறது எங்க வேலை. போன சீசன்ல ஒரு பையன், தொடையில தையல் ஓடிட்டிருக்கு, வலி தாங்கல. அப்பவும் ஃபோன்ல கேக்குறான்: "நம்ம மாடு எத்தினி செகண்டுடா?" பதில் கேட்டதும் முகத்துல ஒரு சிரிப்பு. முதல் பரிசு நூலிழையில போயிருக்கு. அந்த வருத்தம் தையல் வலியை விடப் பெருசு.

3/
விநாடிக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கிற ஊர் இது. அதை மனசுல வெச்சுக்கங்க, கடைசியில திரும்ப வருவேன். இப்ப குதிரைக்குப் போவோம்.

4/
ஹார்னஸ் ரேஸ்னு ஒண்ணு. நம்ம குதிரை ரேக்ளாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரெண்டு சக்கரத்துல இலேசான வண்டி, அதுல ஒரே ஒருத்தர். ஆனா குதிரை நாலுகால் பாய்ச்சல்ல ஓடக்கூடாது. ஒரு குறிப்பிட்ட நடையிலதான் ஓடணும். 'பேஸர்' வகைக் குதிரைன்னா ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும். நடை தவறினா குதிரையை இழுத்துப் பிடிச்சு, நடைக்குக் கொண்டு வந்த பிறகுதான் மேல ஓட்டணும். வேகம் மட்டும் போதாது, கட்டுப்பாடும் வேணும்.

5/
இந்த ரேஸோட பெரிய பெயர் டான் பேட்ச். 1896-ல இண்டியானா மாநிலத்துல ஆக்ஸ்ஃபோர்டுங்கிற சின்ன ஊர்ல பிறந்தது. பிறந்தப்போ கால் கோணல். தானா எழுந்து நின்னு பால் குடிக்க முடியல, ஆளுங்க தூக்கி நிறுத்தினாங்க. இது ரேஸுக்கு ஆகாதுன்னு ஊரே சொல்லிச்சு. நாலு வயசுல, 1900-ல, முதல் பந்தயம்.

6/
அதுக்கப்புறம் ஒரு ரேஸ்லகூட தோற்கல. அப்பல்லாம் ஒரு ரேஸ்னா ஒரே நாள்ல ஒரு மைலைத் திரும்பத் திரும்ப ஓடணும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 'ஹீட்'னு பேரு. வாழ்நாள் முழுக்க டான் பேட்ச் விட்டுக்கொடுத்தது ரெண்டே ரெண்டு ஹீட். 1902-ல முதல்ல 20,000 டாலருக்கும், அதே வருஷக் கடைசியில 60,000 டாலருக்கும் கை மாறிச்சு. வாங்கினவர் மினியாபொலிஸ்ல கால்நடைத் தீவன வியாபாரம் பண்ணின மேரியன் சாவேஜ்.

7/
ஒரு கட்டத்துல அதோட ஓட எந்த முதலாளியும் தன் குதிரையைக் கொண்டு வரல. தோற்கப் போறோம்னு தெரிஞ்சே யார் வருவாங்க? அதனால டான் பேட்ச் கடிகாரத்தோட ஓடிச்சு. ஊர் ஊரா ரயில்ல போகும், தனிப் பெட்டி. கூட்டம் டிக்கெட் வாங்கி ஒரே ஒரு குதிரை ஓடுறதைப் பார்க்கும். அது பேர்ல சுருட்டு, பொம்மை, வாஷிங் மெஷின்னு எல்லாம் வித்தாங்க.

8/
1906 செப்டம்பர், மினசோட்டா கண்காட்சி. ஏறக்குறைய 90,000 பேர் முன்னாடி ஒரு மைலை 1 நிமிஷம் 55 விநாடியில ஓடிச்சு. மணிக்கு 50 கிலோமீட்டர், அதுவும் வண்டியை இழுத்துக்கிட்டு. முன்னால துணைக்கு ஓடின குதிரையைக் காரணம் காட்டி அதை அதிகாரபூர்வ சாதனையா ஏத்துக்கல. ஜனங்க ஏத்துக்கிட்டாங்க. 1909-ல ஓய்வு. 1916 ஜூலை 11 அன்னிக்கு இதயக் கோளாறுல செத்துப்போச்சு. மறுநாளே முதலாளி சாவேஜும் போயிட்டார். அந்த ஊர் பேரே இன்னிக்கு சாவேஜ்தான்.

9/
அழகான கதை. ஆனா நான் இன்னிக்கு எழுத வந்தது இதே காலத்துல, இதே நாட்டுல வண்டி இழுத்த இன்னொரு குதிரைக்காக. அது பேர் ஜிம். செயின்ட் லூயிஸ் நகரத்துல பால் வண்டி இழுத்த குதிரை. ஒரு ரேஸும் ஓடல. எந்தச் சுருட்டுப் பெட்டியிலயும் அது பேர் இல்ல.

10/
அப்ப தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, குழந்தைகளை வாரிக்கிட்டுப் போன காலம். நச்சைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஊசியா போட்டா, அது ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் உருவாகும். அந்தச் சீரத்தை எடுத்துக் குழந்தைக்குப் போட்டா உயிர் பிழைக்கும். இந்த வைத்தியத்துக்காகத்தான் 1901-ல மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே கொடுத்தாங்க, எமில் பெஹ்ரிங்குக்கு. ஜிம் செயின்ட் லூயிஸ் நகரச் சுகாதாரத் துறைக்காக மூணு வருஷம் ரத்தம் கொடுத்துச்சு. அதிலிருந்து கிடைச்சது 28 லிட்டருக்கு மேல சீரம். எத்தனை குழந்தைங்க வீடு திரும்பியிருப்பாங்கன்னு யோசிங்க.

11/
அதே 1901, அக்டோபர் 2. ஜிம்முக்கு டெட்டனஸ், நம்ம ஊர்ல சொல்ற வில்வாத ஜன்னி. அன்னிக்கே கொன்னுட்டாங்க. ஆனா செப்டம்பர் 30-ல எடுத்த ரத்தத்தோட சீரம், ஆகஸ்ட் 24-னு தேதி போட்ட லேபிளோட வெளியில போயிடுச்சு. சோதிக்கவே இல்ல. காப்பாத்த வேண்டிய ஊசியில 13 குழந்தைங்க டெட்டனஸ் வந்து செத்தாங்க.

12/
குதிரை மேல தப்பில்ல. அதோட உடம்பைப் பார்க்க வேண்டியவங்க பார்க்கல, லேபிளைச் சரியா எழுத வேண்டியவங்க எழுதல. அந்த அதிர்ச்சியில 1902 ஜூலையில அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு. சீரம், தடுப்பூசி தயாரிக்கிறவங்களுக்கு லைசென்ஸ், ஆய்வு, லேபிள்ல காலாவதி தேதி எல்லாம் கட்டாயம். ஜிம்மோட கேரியர்ல கிடைச்ச கோப்பைன்னா அந்தச் சட்டம்தான். அதே வருஷம்தான் டான் பேட்ச் 60,000 டாலருக்குப் போச்சு.

13/
சரி, போளூருக்கும் இதுக்கும் என்ன? இருக்கு. நம்ம வார்டு ஃப்ரிட்ஜுல இருக்கிற பாம்புக்கடி ஊசி, ஏ.எஸ்.வி, இன்னிக்கும் குதிரை கொடுக்கிறதுதான். நிறைய பேருக்கு இது தெரியாது. மூலிகையில செய்யறதுன்னு நினைச்சிட்டிருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.

14/
வழி இதுதான். மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலி. அங்க 1978-ல தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலோட விஷம்தான் மருந்து கம்பெனிகளுக்குப் போகுது. இதே சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல பத்மஸ்ரீ கிடைச்சது ஞாபகம் இருக்கா?

15/
அந்த விஷத்தை ரொம்பச் சின்ன அளவுல குதிரைக்குப் போடுவாங்க. வாரக்கணக்குல அளவைக் கூட்டுவாங்க. எதிர்ப்பு சக்தி உச்சத்துக்கு வந்ததும் ரத்தம் எடுத்து, சிவப்பணுவைப் பிரிச்சுக் குதிரைக்கே திரும்ப ஏத்திட்டு, மிச்சத்தைச் சுத்தப்படுத்தி, உலர்த்திப் பொடியாக்கினா அதுதான் அந்தச் சின்னப் பாட்டில். நாங்க தண்ணி கலந்து கரைச்சு, சலைன்ல விட்டு ஏத்துறோம். விஷம் உடம்புல ஏறின ஆளுக்கு முதல் டோஸ் மட்டுமே 8-லிருந்து 10 பாட்டில். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு குழந்தைன்னு பார்த்து விஷத்தைக் குறைச்சுக் கடிக்காது.

16/
போன மழைக்காலத்துல ஒரு கரும்பு வெட்டுற அம்மா. கால்ல கண்ணாடி விரியன். கடிச்சது சாயங்காலம் ஆறு மணிக்கு. எங்ககிட்ட வந்தது ராத்திரி பதினொண்ணுக்கு. நடுவுல வேப்பிலை, மந்திரம், கால்ல கயிறு. "இறங்கிடும்னு சொன்னாங்க சார், அதான் இட்டுகினு வரல" என்றார் மகன். கண்ணாடிக் குழாய்ல ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வெச்சோம். உறையவே இல்ல. ஈறுல ரத்தம், சிறுநீர் கறுப்பு.

17/
ஊசி போட்டோம். ரத்தம் உறைய ஆரம்பிச்சது. ஆனா கிட்னி அதுக்குள்ள அடி வாங்கிடுச்சு. டயாலிசிஸுக்கு அனுப்பினோம், பல வாரம் ஓடுச்சு. பிழைச்சாங்க. இப்பவும் முன்ன மாதிரி கரும்பு வெட்ட முடியல. ஏ.எஸ்.வி ரத்தத்துல சுத்துற விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே போன கிட்னியைத் திருப்பித் தராது. அந்த அஞ்சு மணி நேரத்தை எந்தக் குதிரையாலயும் ஓடிப் பிடிக்க முடியாது.

18/
இந்தியாவுல பாம்புக்கடியில வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் சாகறாங்கன்னு 2020-ல வந்த பெரிய ஆய்வு மதிப்பிடுது. 2030-க்குள்ள இதைப் பாதியாக்கணும்னு 2024-ல மத்திய அரசு தேசியத் திட்டம் போட்டிருக்கு. அதே வருஷம் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கிடுச்சு, எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் கணக்குல வந்தாகணும். நல்ல விஷயம். ஆனா இந்தத் திட்டம் எல்லாமே ஒரு குதிரையோட முதுகுலதான் உட்கார்ந்திருக்கு. அதைப் பத்தி யாரும் பேசறதில்ல.

19/
இதுதான் என் கருத்து, கொஞ்சம் காரமா இருந்தா மன்னிச்சுக்கங்க. சில வருஷத்துக்கு முன்னாடி விலங்கு நல வாரியத்தோட ஆய்வுக் குழுக்கள் நாட்டுல இருக்கிற சீரம் பண்ணைகளைப் பார்த்தாங்க. ரத்தசோகை, கவனிக்காத புண், நோயோட நிக்கிற குதிரைகள், மட்டக்குதிரைகள், கோவேறு கழுதைகள். இதைச் சொன்னா "மனுஷன் சாகறான், குதிரைக்கு அழறியா டாக்டர்"னு கேப்பாங்க. நான் மனுஷனுக்காகத்தான் சொல்றேன். ரத்தசோகை பிடிச்ச குதிரை எப்படி நல்ல மருந்து கொடுக்கும்? ஜிம் கதையே போதாதா?

20/
இதைப் படிச்சிட்டு ஊசிக்குப் பயந்துடாதீங்க. இது 1901 இல்ல. இப்ப சுத்திகரிப்பு இருக்கு, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சோதனை இருக்கு, பாட்டில்ல பேட்ச் எண்ணும் காலாவதியும் இருக்கு. குதிரைப் புரதம்ங்கிறதால சிலருக்கு அரிப்பு, நடுக்கம், மூச்சுத்திணறல் வரலாம். அதுக்காகத்தான் அட்ரினலினைச் சிரிஞ்சுல ஏத்திப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுப் போடுறோம். அலர்ஜியைச் சமாளிக்க முடியும். தாமதத்தைச் சமாளிக்க முடியாது.

21/
அரசுக்குக் கேக்குறது ரெண்டு. சீரம் பண்ணை ஆய்வு அறிக்கையை வருஷா வருஷம் பொதுவுல வையுங்க. கொள்முதல்ல விலையோட குதிரைப் பராமரிப்பையும் ஒரு நிபந்தனையா சேருங்க. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து குதிரை இல்லாம ஆய்வகத்துல உருவாக்கின மனித எதிர்ப்புப் பொருள் பத்தி 2024-ல கட்டுரை வந்திருக்கு. அது மருந்தாகி வார்டுக்கு வர நாளாகும். அதுவரைக்கும் குதிரைதான் நமக்கு.

22/
என் சக டாக்டர்களுக்கு: விஷம் ஏறின அறிகுறி இருந்தா முதல் டோஸைப் போட்டுட்டு ரெஃபர் பண்ணுங்க. ரியாக்‌ஷன் பயத்துல வெறும் சீட்டோட 108-ல ஏத்தி விடாதீங்க. அதே மாதிரி, கடிச்சிருக்கு ஆனா விஷம் ஏறலன்னா, சொந்தக்காரங்க சத்தம் போடறாங்கன்னு பாட்டிலை உடைக்காதீங்க. கவனிச்சுக்கிட்டு இருங்க. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு உயிரோட ரத்தம்.

23/
உங்களுக்கு: பாம்பு கடிச்சா கயிறு வேணாம், பிளேடு வேணாம், வாயால உறிய வேணாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழட்டுங்க. கடிபட்ட காலையோ கையையோ ஆட்டாம வையுங்க, நடக்க விடாதீங்க. பாம்பைத் தேடி அடிச்சுப் பையில போட்டுக் கொண்டு வராதீங்க. நாலு விஷத்துக்கும் ஒரே ஊசிதான். 108-ஐக் கூப்பிடுங்க. வர லேட்டாகும்னா இருக்கிற வண்டியில பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஊசிக்குக் காசு கிடையாது. ராத்திரி வயலுக்கும் கழனிக் கரைக்கும் போறப்ப டார்ச்சும் பூட்ஸும் மறக்காதீங்க.

24/
டான் பேட்ச் ஒரு மைல் ஓடின நேரம் நூறு வருஷம் தாண்டியும் எழுதி வெச்சிருக்கு. நம்ம காளை ஓடின நேரம் நமக்கு மனப்பாடம். அதே கறாரோட, வீட்டுல யாரையாவது பாம்பு கடிச்சா மணி என்னன்னு பாருங்க. அந்த நிமிஷத்துல இருந்து ரேஸ் ஆரம்பிச்சிடுச்சு. எங்கேயோ ஒரு கொட்டகையில பேர் தெரியாத ஒரு குதிரை அதோட பங்கை ஏற்கெனவே ஓடி முடிச்சிடுச்சு. அந்தப் பாட்டில் எங்க ஃப்ரிட்ஜுல இருக்கு. நீங்க சீக்கிரம் வந்து சேருங்க.

25/
ஜவ்வாது மலைப் பக்கம், கலசபாக்கம், ஆரணி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா இதை ஃபார்வர்ட் பண்ணுங்க. 23-வது பதிவை மட்டுமாவது.