சுண்டெலி பிழைத்தது, நோயாளி?

"சுண்டெலிக்குப் புற்றுநோய் குணமாகிவிட்டது!"

இப்படி ஒரு செய்தி வந்தால் போதும். நோயாளி இருக்கும் வீட்டில் பரபரப்பு உண்டாகிவிடும். "அந்த மருந்து எங்கே கிடைக்கும்? என்ன விலை?" என்று டாக்டரிடம் ஓடுவார்கள். மருந்து இன்னும் வரவில்லை என்று தெரிந்ததும் மனம் உடைந்து போவார்கள். "விஞ்ஞானிகள் சொல்வது எல்லாம் புளுகு" என்பார்கள்.

அளவு கடந்து நம்புவதும் தவறு. அடியோடு வெறுப்பதும் தவறு. கணையத்தில் வரும் ஒரு வகைக் கட்டியின் வரலாறே இதற்குச் சாட்சி.

கணையத் திட்டுகள்

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது கணையம். உணவு செரிப்பதற்கான நீர் அதில் சுரக்கிறது. அதற்குள்ளே சின்னஞ்சிறு திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 1869-ம் ஆண்டில் அவற்றைப் பற்றி எழுதியவர், ஜெர்மனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவர் மருத்துவ மாணவர்!

இந்தத் திட்டுகளில்தான் இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் குறைந்தால் சர்க்கரை நோய் வரும். அதற்கு நேர்மாறாக, திட்டில் கட்டி தோன்றி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதும் உண்டு. அப்போது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்து மயக்கம் வரும்.

விஞ்ஞானி செய்த வேலை

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே டக்ளஸ் ஹனஹான் என்ற விஞ்ஞானி, 1985-ல் ஒரு புதுமை செய்தார்.

குரங்கு வைரஸ் ஒன்றில், செல்களைக் கட்டுமீறிப் பெருக வைக்கும் மரபணு இருக்கிறது. அதை எடுத்தார். இன்சுலின் சுரக்கும் செல்களில் மட்டும் அது வேலை செய்யும்படி மாற்றினார். சுண்டெலியின் கருமுட்டைக்குள் செலுத்தினார்.

பிறந்த குட்டிகளுக்குக் கணையத் திட்டில் கட்டி வந்தது. அவற்றின் வாரிசுகளுக்கும் வந்தது! சுமார் 14 வாரங்களில் அவை செத்துப் போயின.

ஆனால், ஓர் அதிசயம். கெட்ட மரபணு எல்லாத் திட்டுகளிலும் இருந்தது. அப்படி இருந்தும், 100 திட்டுகளில் 2 முதல் 4 வரைதான் பெரிய கட்டி ஆயின.

ஏன்? கட்டி வளர ரத்தம் வேண்டும். புது ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொண்ட திட்டுகளே கட்டி ஆயின. ஹனஹானும் டாக்டர் ஜூடா போக்மனும் மற்றவர்களும் 1989-ல் இதை வெளியிட்டார்கள்.

"ரத்தக் குழாயைத் தடுத்தால் கட்டியை அடக்கலாமே!" என்ற எண்ணம் வலுத்தது. ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் "சுனிடினிப்" என்ற மருந்தை இந்தச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டி அடங்கியது.

மனிதனுக்குக் கிடைத்தது என்ன?

பிறகு, இதே வகைக் கட்டி முற்றிய 171 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2011-ல் வெளிவந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றாமல் நின்ற காலம் 5.5 மாதம். மருந்து சாப்பிட்டவர்களுக்கு 11.4 மாதம். அதே ஆண்டில் அமெரிக்க அரசு இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

1985 எங்கே, 2011 எங்கே! 26 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது, சுமார் 6 மாத அவகாசம். பூரண குணம் அல்ல.

"இவ்வளவுதானா?" என்று கேட்கலாம். மகளின் கல்யாணத்தைப் பார்க்கக் காத்திருக்கும் தகப்பனாருக்கு ஆறு மாதம் சிறிது அல்ல.

ஏன் இந்த வித்தியாசம்?

சுண்டெலிகள் எல்லாம் ஒரே இனம். தின்பது ஒரே தீனி. கட்டிக்குக் காரணமும் ஒன்றே. மனிதனின் கட்டி அப்படி அல்ல. அது பல ஆண்டுகள் வளர்கிறது. ஆளுக்கு ஆள் காரணம் மாறுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கணையப் புற்றுநோயில் பெரும்பாலானவை இந்தத் திட்டுகளில் தோன்றுபவை அல்ல. செரிமான நீர் வரும் பாதையில் தோன்றுபவை. அவற்றுக்குச் சிகிச்சையே வேறு.

ஆகவே, "புது மருந்து" என்று செய்தி பார்த்தால், டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சோதித்தது சுண்டெலியிலா, மனிதரிலா? எங்கள் நோயும் அதே நோய்தானா? நோய் தீருமா, தள்ளிப் போகுமா?

பத்திரிகைகளுக்கும் பொறுப்பு உண்டு. "சுண்டெலியில்" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட வேண்டும். அதை ஒளிப்பது, நோயாளியை ஏமாற்றுவது ஆகும்.

நாளை வரப்போகும் மருந்தை நம்பி, இன்று நடக்கும் சிகிச்சையை மட்டும் யாரும் நிறுத்திவிடக் கூடாது!